இரத்தத்தில் அமில மிகுதியும் சிறுநீரக நோயும்: காய்கறிகளால் உண்டாகும் அனுகூலம்

புளிப்பு ஏறிய நிலத்தில் பயிர் செழிப்பதில்லை என்பதும், அத்தகைய நிலத்துக்குத் தக்க அளவில் சுண்ணாம்பு இட்டால் அது சீர்ப்படும் என்பதும் விவசாயிகள் அறிந்த விஷயங்களே. மனித தேகத்திலும் இதற்கு ஒப்பான ஒரு கேடு உண்டாவதுண்டு. குண்டிக்காய் என்று கிராமங்களில் வழங்கும் சிறுநீரகம் நாட்பட்ட நோயினால் பழுதுபடும்போது, நாள்தோறும் தேகத்தில் உண்டாகும் அமிலம் முழுவதும் வெளியேறாமல் தங்கிவிடுகிறது. தங்கிய அமிலம் எலும்பையும் தசையையும் கெடுப்பதோடு, பழுதுபட்ட சிறுநீரகத்தையே மேலும் பழுதாக்குகிறது. இந்த அமிலத்தைக் காரத்தினால் மாற்றிச் சிறுநீரகத்தின் அழிவைத் தாமதப்படுத்தலாம் என்பதற்குச் சில நல்ல பரீட்சைகள் சான்று கூறுகின்றன. அந்தக் காரத்தை மருந்துக் கடையிலிருந்து மட்டுமன்றிக் காய்கறித் தோட்டத்திலிருந்தும் பெறலாம் என்பது விவசாயிகள் சிறப்பாகக் கவனிக்கத் தக்கது.

சிறுநீரகத்தின் வேலை

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரத்தத்திலுள்ள கழிவுகளைப் பிரித்துச் சிறுநீராக வெளியேற்றுவது இவற்றின் முக்கிய வேலை என்பது பலரும் அறிந்ததே. தேகத்திலுள்ள அமிலத்துக்கும் காரத்துக்கும் உள்ள சமநிலையைக் காப்பதும் இவற்றின் பொறுப்பே என்பது அவ்வளவாக அறியப்படவில்லை.

இரத்தம் இயல்பாகவே சிறிது காரத் தன்மை உடையது. அதில் பைகார்பனேட் என்னும் காரப் பொருள் கரைந்திருக்கிறது. சுகதேகிகளின் இரத்தத்தில் இது லிட்டருக்குச் சுமார் 22 முதல் 29 மில்லிமோல் வரை இருக்கும். உண்ட ஆகாரத்திலிருந்து அமிலம் உண்டாகும்போது இந்தப் பைகார்பனேட் அதனை ஏற்று மாற்றித் தான் செலவாகிவிடுகிறது. செலவான பைகார்பனேட்டைத் திரும்ப உண்டாக்கி இரத்தத்தில் சேர்ப்பதும், அமிலத்தை அம்மோனியாவுடன் கூட்டிச் சிறுநீர் வழியே தள்ளுவதும் சிறுநீரகமே. பைகார்பனேட் 22 மில்லிமோலுக்குக் கீழே குறைந்து நிற்கும் நிலையே அமில மிகுதி எனப்படும். இரத்தம் நாவுக்குப் புளிக்கும்படி ஆகிவிடுகிறது என்பது இதன் பொருளன்று. அதன் காரச் சேமிப்பு கரைந்து போகிறது என்பதே பொருள்.

ஆகாரமும் அமிலமும்: சாம்பல் கூறும் உண்மை

எந்த ஆகாரம் அமிலத்தைத் தரும், எது காரத்தைத் தரும் என்பதை நாவின் சுவையைக் கொண்டு அறிய முடியாது. எலுமிச்சையும் ஆரஞ்சும் தக்காளியும் வாயில் புளிக்கின்றன. எனினும் தேகத்தில் அவை காரத்தையே தருகின்றன. அரிசியும் இறைச்சியும் வாயில் சற்றும் புளிப்பதில்லை. ஆயினும் அவை தருவது அமிலமே.

விவசாய இரசாயனம் பயின்றோருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். இலை, தண்டு, காய் முதலியவற்றை எரித்தால் கிடைக்கும் சாம்பல் காரமானது. செடிகள் மண்ணிலிருந்து உறிஞ்சும் பொட்டாசியத்தில் ஒரு பகுதி, எலுமிச்சை அமிலம் போன்ற தாவர அமிலங்களோடு சேர்ந்து உப்பாகச் செடியில் தங்கியிருக்கிறது. அடுப்பில் எரியும்போது தாவர அமிலம் எரிந்து போகப் பொட்டாசியம் கார்பனேட் மிஞ்சுகிறது. உண்ட பின்பு தேகத்திலும் இதுவே நடைபெறுகிறது. தாவர அமிலம் எரிந்துவிடப் பைகார்பனேட் மிஞ்சுகிறது. இதற்கு மாறாகத் தானியங்களின் சாம்பலில் மணிச்சத்து மிகுதி. மேலும் இறைச்சி, முட்டை, தானியம் ஆகியவற்றிலுள்ள புரதத்தில் கந்தகம் கலந்திருப்பதால், அது தேகத்தில் எரியும்போது கந்தக அமிலம் உண்டாகிறது.

ஜெர்மனியில் டார்ட்மண்ட் நகரில் ஆராய்ச்சி செய்த தாமஸ் ரெமர், பிரீட்ரிக் மான்ஸ் என்பவர்கள், ஒவ்வோர் ஆகாரமும் சிறுநீரகத்தின்மேல் எவ்வளவு அமிலச் சுமையை ஏற்றும் என்று கணக்கிட்டு 1995-ம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டனர். அதிலிருந்து சில ஆகாரங்கள் கீழே தரப்பட்டுள்ளன. அளவு 100 கிராமுக்கு. அலகு மில்லி ஈக்விவலெண்ட்.

அமிலம் தருவன:
முட்டையின் மஞ்சட்கரு — 23.4
கொழுப்புக் குறைத்த செட்டர் பால்கட்டி — 26.4
இறைச்சி வகைகள், சராசரி — 9.5
தீட்டாத அரிசி — 12.5
தீட்டிய அரிசி — 4.6
வெள்ளை ரொட்டி — 3.7
பால் — 0.7 (ஏறக்குறைய சமநிலை)

காரம் தருவன:
உலர்ந்த திராட்சை — 21.0
ஸ்பினாச் கீரை — 14.0
வாழைப்பழம் — 5.5
காரட் — 4.9
உருளைக்கிழங்கு — 4.0
தக்காளி — 3.1

இறைச்சியும் ரொட்டியும் பால்கட்டியும் மிகுதியாக உண்ணும் மேல்நாட்டாரின் தேகத்தில், ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லி ஈக்விவலெண்ட் அமிலம் சேர்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாமிசம் உண்ணாத போதிலும், சோறு மிகுதியாகவும் காய்கறி சொற்பமாகவும் உண்பவருடைய ஆகாரமும் அமிலத்தின் பக்கமே சாயும் என்பது மேற்கண்ட பட்டியலினால் விளங்கும்.

அமில மிகுதியால் விளையும் தீங்கு

நீரிழிவு, உயர்ந்த இரத்த அழுத்தம் முதலிய காரணங்களால் வடிகட்டிகள் ஒவ்வொன்றாக அழியும்போது, எஞ்சியவை அழிந்தவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியதாகிறது. பத்து ஆட்கள் நட வேண்டிய வயலை மூன்று ஆட்கள் ஒரே நாளில் நட முயல்வது போன்றது இது. ஒவ்வொரு வடிகட்டியும் முன்னிலும் மிகுதியாக அம்மோனியாவை உண்டாக்குகிறது. இவ்வாறு சிறுநீரகத்தினுள் செறியும் அம்மோனியா அழற்சியைத் தூண்டித் தழும்பை உண்டாக்குகிறது என்று 1985-ம் ஆண்டில் அமெரிக்காவில் எலிகளைக் கொண்டு செய்த சோதனை காட்டிற்று. அந்த எலிகளுக்குச் சோடியம் பைகார்பனேட் கொடுத்தபோது இந்தச் சேதம் குறைந்தது. அமிலத்தை வெளியேற்றுவதற்காகத் தேகம் சுரக்கும் வேறு சில பொருள்களும் நெடுநாள் மிகுந்திருப்பின் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வனவே. ஆகவே நோயினால் அமிலம் தங்குவதும், தங்கிய அமிலத்தினால் நோய் முற்றுவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

தீங்கு இதனோடு நிற்பதில்லை. காரச் சேமிப்புக் குறைந்தபோது தேகம் எலும்பைக் கரைத்து அதிலுள்ள காரத்தை எடுத்துக் கொள்கிறது. ஆகவே எலும்பு பலமிழக்கிறது. தசையிலுள்ள புரதமும் சிதைந்து ஆள் இளைக்கிறான். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறவும் அமில மிகுதி இடந்தருகிறது. நோய் மிகவும் முற்றும் வரையில் பெரும்பாலோருக்கு வெளிப்படையான அறிகுறி ஒன்றும் தோன்றாது. சோர்வும் பசியின்மையும் மேல்மூச்சும் தோன்றும் காலத்தில் சேதம் மிகுந்திருக்கும். இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதே இதனை அறிவதற்குரிய வழி.

சோடா உப்புச் சிகிச்சை

நாட்பட்ட சிறுநீரக நோய்க்குக் காரம் கொடுப்பது புதிய யோசனையன்று. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகர வைத்தியர்களான லையன், டன்லப், ஸ்டூவர்ட் என்போர் 1931-ம் ஆண்டிலேயே இச்சிகிச்சையைக் கையாண்டு அதன் பலனை எழுதியிருக்கின்றனர். ஆயினும் தக்க ஒப்பீட்டுடன் கூடிய பரீட்சை வெகு காலம் கழித்தே நடைபெற்றது.

லண்டனில் மாக்டி யாகூப் என்னும் வைத்தியரும் அவருடன் உழைத்தவர்களும் செய்த பரீட்சையின் முடிவு 2009-ம் ஆண்டில் வெளியாயிற்று. சிறுநீரகத்தின் வடிக்கும் சக்தி நிமிஷத்துக்கு 15 முதல் 30 மில்லிலிட்டர் வரை தாழ்ந்தும், பைகார்பனேட் 16 முதல் 20 மில்லிமோலுக்குள் குறைந்தும் இருந்த 134 பேர் இதில் சேர்ந்தனர். அவர்களில் ஒரு பாதியினர் வழக்கமான சிகிச்சையோடு சோடியம் பைகார்பனேட் மாத்திரையையும் பெற்றனர். மறுபாதியினர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். இரண்டு வருஷங்களின் முடிவில், மாத்திரை உட்கொள்ளாதோரில் நூற்றுக்கு 33 பேருக்குச் சிறுநீரகம் அறவே செயலிழந்தது. உட்கொண்டோரில் அவ்வாறானவர் நூற்றுக்கு 6.5 பேரே. நோய் விரைந்து முற்றியவர்கள் முறையே நூற்றுக்கு 45 பேரும் 9 பேரும் ஆவர்.

இத்தாலியில் 740 பேரைக் கொண்டு நடத்தி 2019-ம் ஆண்டில் வெளியிட்ட பெரிய பரீட்சையும் இந்த முடிவையே ஆதரித்தது. அங்கே காரம் பெற்றோரில் நூற்றுக்கு 6.9 பேருக்கும், பெறாதோரில் நூற்றுக்கு 12.3 பேருக்கும் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தி செய்தல் முதலிய மாற்றுச் சிகிச்சை தேவையாயிற்று. இறந்தவர்கள் முறையே நூற்றுக்கு 3.1 பேரும் 6.8 பேரும் ஆவர். இரத்தத்தைச் சுத்தி செய்யும் சிகிச்சை பெறுவோர் வழக்கமாக வாரத்தில் மூன்று நாட்கள், ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்துடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது எத்தகைய இடர் என்பதைக் கூற வேண்டியதில்லை. ஆகவே அந்நிலை வருவதைச் சில வருஷங்கள் தள்ளிப்போடுவதும் பெரும் பயனேயாகும்.

டெக்ஸாஸில் காய்கறிப் பரீட்சை

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் டெம்பிள் என்னும் நகரில் வைத்திய ஆராய்ச்சி செய்த நிம்ரித் கோராயா, டொனால்டு வெஸ்ஸன் என்பவர்கள், மாத்திரை செய்யும் வேலையைக் காய்கறியும் பழமும் செய்யக் கூடுமா என்று ஆராய்ந்தனர். நோயாளியின் அன்றாட ஆகாரத்திலுள்ள அமிலச் சுமையைப் பாதியாகக் குறைப்பதற்கு எவ்வளவு காய்கனி தேவை என்று கணக்கிட்டு, அந்த அளவை அவர்களுக்கு இலவசமாகவே அளித்தனர். ஆப்பிள், ஆப்ரிகாட், ஆரஞ்சு, பீச், பேரி, உலர்ந்த திராட்சை, ஸ்ட்ராபெரி ஆகிய பழங்களும், காரட், காலிபிளவர், கத்தரிக்காய், லெட்யூஸ், உருளைக்கிழங்கு, ஸ்பினாச், தக்காளி, ஸுகினி என்னும் பூசணியினக் காய் ஆகியவையும் அவற்றில் அடங்கும்.

2013-ம் ஆண்டில் வெளியிட்ட பரீட்சையில், நோய் நான்காம் படியை அடைந்திருந்த 71 பேர் சேர்ந்தனர். ஒரு சாரார் காய்கனியையும் மறுசாரார் சோடியம் பைகார்பனேட்டையும் ஒரு வருஷம் உட்கொண்டனர். இரு சாராருக்கும் அமில மிகுதி குறைந்தது. சிறுநீரகம் சேதமுறுவதைக் காட்டும் சிறுநீர்க் குறிகளும் இரு சாராரிடத்தும் குறைந்தன. இரத்தத்தில் பைகார்பனேட்டை உயர்த்துவதில் மாத்திரையே வலியதாயிருந்தது. காய்கனி உண்டவர்களுக்குப் பொட்டாசியம் அபாயமான அளவுக்கு ஏறவில்லை.

2014-ம் ஆண்டில் வெளியான மற்றொரு பரீட்சையில், நோய் மூன்றாம் படியிலிருந்த 108 பேர் மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்டு மூன்று வருஷங்கள் கவனிக்கப்பட்டனர். காய்கனி பெற்ற வகுப்புக்கும் மாத்திரை பெற்ற வகுப்புக்கும் சிறுநீரகத்தின் சக்தி மெதுவாகவே குறைந்தது. இரண்டும் பெறாத வகுப்புக்கு அதனினும் மிகுதியாகக் குறைந்தது. காய்கனி உண்டவர்களுக்கு இரத்த அழுத்தமும் தணிந்தது. மாத்திரையினால் கிடைக்காத அனுகூலம் இது. 153 பேரை ஐந்து வருஷங்கள் கவனித்து 2024-ம் ஆண்டில் வெளியிட்ட பரீட்சையும் இவ்வாறே சிறுநீரகத்தைக் காப்பதில் இரண்டும் பயன்பட்டன என்றும், இருதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் காய்கனியே நலம் செய்தது என்றும் கண்டது.

இன்னும் தீராத விஷயங்கள்

எல்லாப் பரீட்சைகளும் ஒரே முடிவைத் தரவில்லை. பிரிட்டனில் 60 வயதுக்கு மேற்பட்ட 300 பேரிடம் நடத்தி 2020-ம் ஆண்டில் வெளியிட்ட பரீட்சையில், பைகார்பனேட் உட்கொண்ட முதியோருக்கு நடக்கும் சக்தி முதலியவற்றில் யாதொரு அபிவிருத்தியும் காணவில்லை. குடலிலேயே அமிலத்தைப் பற்றி வெளியேற்றும் வெவெரிமர் என்னும் புதிய மருந்தை 1480 பேரிடம் சோதித்தபோதும் நோய் தாமதப்படவில்லை; ஆனால் அந்தப் பரீட்சையில் இரு வகுப்பாருக்குமிடையே பைகார்பனேட்டில் உண்டான வித்தியாசம் மிகவும் சொற்பம்.

இவற்றின் காரணமாகச் சர்வதேசச் சிறுநீரக வைத்திய நிபுணர் குழுவின் யோசனையும் மாறியிருக்கிறது. பைகார்பனேட் 22 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால் காரம் கொடுக்கலாம் என்று அக்குழு 2012-ம் ஆண்டில் கூறிற்று. 18 மில்லிமோலுக்குக் கீழ் இறங்காதபடி சிகிச்சையளிப்பதை ஆலோசிக்கலாம் என்று 2024-ம் ஆண்டில் கூறியிருக்கிறது. ஆகவே அமிலம் மிகுந்திருப்பவருக்குச் சிகிச்சை தேவை என்பதில் ஐயமில்லை. சிறிதளவே குறைந்திருப்பவருக்கு மாத்திரை எவ்வளவு பயன் தரும் என்பதிலேயே அபிப்பிராய பேதம் உள்ளது.

முக்கியமான எச்சரிக்கைகள்

சமையலறையில் ஆப்பத்துக்கும் பலகாரத்துக்கும் இடும் சோடா உப்பும் இந்த மருந்தும் ஒரே பொருள்தான். அதனால் எவரும் தாமாகவே அதைக் கரைத்துக் குடிக்கலாகாது. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு டெம்பிள் நகரப் பரீட்சையில் 2013-ம் ஆண்டில் கையாண்ட அளவு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 கிராம் ஆகும். அதில் சுமார் 1.4 கிராம் சோடியம் அடங்கியிருக்கிறது. இருதயம் பலவீனமுற்றவருக்கும் கால்வீக்கம் உடையவருக்கும் இது கெடுதல் செய்யக்கூடும். அளவு மீறினால் இரத்தத்தில் காரம் மிஞ்சி வேறு விபத்துகளை விளைவிக்கும்.

காய்கறியிலும் அபாயம் இல்லாமலில்லை. காரத்தைத் தரும் அதே பொட்டாசியம், நோய் முற்றிய சிறுநீரகத்தால் வெளியேற்றப்படாமல் இரத்தத்தில் ஏறினால் இருதயம் திடீரென நின்றுவிடவும் கூடும். 2013-ம் ஆண்டுப் பரீட்சையில் பொட்டாசியம் ஏறும் அபாயம் குறைந்தவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள். நீரிழிவு உடையோர் அவர்களில் சேர்க்கப்படவில்லை. ஆகவே அதன் முடிவை எல்லா நோயாளிகளுக்கும் பொருத்துவது தவறு. இரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் சில மருந்துகளும் பொட்டாசியத்தை ஏற்றுவன. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படும் சிலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், நோயாளிகள் அவற்றை வைத்தியரைக் கேளாமல் உபயோகிக்கலாகாது. இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. தமரத்தங்காயோ சிறுநீரக நோயாளிகளுக்கு நேரே விஷமாகி மூளையைத் தாக்குவது. அதனை அவர்கள் அறவே விலக்க வேண்டும்.

காய்கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி மிகுந்த நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி கழிந்துபோகும். பொட்டாசியம் ஏறிய நோயாளிகளுக்கு வைத்தியர்கள் இம்முறையைச் சொல்வதுண்டு. ஆனால் அதனோடு காரமும் ஓரளவு போய்விடும் என்பதை உணர்தல் வேண்டும்.

விவசாயக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

ஆந்திராவின் உத்தானம் பிரதேசத்திலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத உழவர்களையும் சிறுநீரக நோய் பீடித்திருக்கிறது. ஆகவே இந்நோய் உழவர் குடும்பங்களுக்கும் அன்னியமானதன்று. கீழ்க்கண்டவற்றை மனத்தில் கொள்ளுதல் நலம்.

1. நீரிழிவு அல்லது இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் சிறுநீரக நோய் கண்டவர்களும் வருஷத்துக்கு ஒரு முறையேனும் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

2. சிறுநீரக நோய் இருப்பதாகக் கண்டவர்கள், இரத்தத்தில் பைகார்பனேட், பொட்டாசியம் ஆகிய இரண்டின் அளவையும் வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி மாத்திரையா காய்கறியா என்று தீர்மானித்தல் இயலாது.

3. நோய் முற்றாமலும் பொட்டாசியம் ஏறாமலும் இருப்பவர்கள், வைத்தியரின் சம்மதத்தோடு, மாமிசத்தையும் முட்டையையும் குறைத்துக் காய்கறி, பழம் ஆகியவற்றை மிகுதியாக உண்ணலாம்.

4. நோய் முற்றியவர்களும், பொட்டாசியம் ஏறியவர்களும், இயந்திரச் சிகிச்சை பெறுபவர்களும் வைத்தியர் கூறிய காய்கறிகளை மட்டும் கூறிய அளவிலேயே உண்ண வேண்டும்.

5. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை நிறுத்திவிட்டுக் காரத்தை மட்டும் நம்புவது பெருந்தவறு. டெக்ஸாஸ் நோயாளிகளும் இரத்த அழுத்தத்துக்குரிய மருந்தோடுதான் காய்கனியை உண்டார்கள்.

விற்பதற்காகக் காய்கறி பயிரிடும் வீடுகளிலேயே அதனை உண்பது குறைந்திருப்பதுண்டு. நல்ல காய்கள் யாவும் சந்தைக்குப் போகச் சோறும் குழம்புமே வீட்டில் எஞ்சுகின்றன. கிணற்றடியிலும் கழிநீர் பாயும் மூலையிலும் சில பாத்திகளில் கீரை, கத்தரி, தக்காளி முதலியவற்றை வீட்டுக்கென்றே பயிரிடுவது செலவில்லாத காரியம். சுகமாயிருப்பவருக்கு இவை சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்கும். நோய் கண்டவருக்கு, வைத்தியர் அனுமதித்தால், மருந்துக்குத் துணையாகும்.

மண்ணைச் சோதித்த பின்னரே சுண்ணாம்பின் அளவைத் தீர்மானிப்பது நல்ல விவசாயியின் வழக்கம். சோதியாமல் அளவுக்கு மிஞ்சி இட்டால் நிலம் வேறு வகையில் கெடும். அதே முறையை இரத்தத்துக்கும் கைக்கொண்டு, முதலில் சோதனை, பிறகு வைத்தியரின் யோசனை, அதன் பின்னரே மாத்திரையோ காய்கறியோ என்ற வரிசையில் நடந்தால் சிறுநீரகத்தின் ஆயுளை நீட்டிக்க வழியுண்டு.